பல்லைக் கடிக்கும் பிள்ளை

திருவண்ணாமலை
18.5.2025

கவிநிலாவுக்கு மாமா பரசுராமன் எழுதுவது.

நான் நலமாகத்தான் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது. நீ, மாறன், குழந்தை தென்றல் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும். போனில் கேட்டால் "நல்லா இருக்கோங்க மாமா" என்று சொல்லி, நான் மூச்சு விடுவதற்குள் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீயும் தாளிலேயே பதில் எழுது. எழுத உட்கார்ந்தால் மனுஷன் கொஞ்சமாவது யோசிப்பான்.

என் மகன் ஓசூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான், லீவுக்குப் போய் வருகிறேன் என்றுதான் கிளம்பினாய். பெட்டியில் குழந்தையின் ஸ்வெட்டரும் போனது. மே மாதத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மருமகளை நம்பியது என் தப்பு.

போன வாரம் பௌர்ணமி. குழந்தை தூக்கத்தில் பல் கடித்தாளா? இந்த வீட்டில் ஒரு பௌர்ணமியும் தவறியதில்லை. கிரிவலத்துக்கு வந்து நம் ரூமில் தங்கியவர்களே காலையில், "ராத்திரி யாருங்க அம்மியில அரைச்சது?" என்று கேட்டார்கள். நிலா முற்றும்போது வயிற்றுப் பூச்சி கிளம்பும். பூச்சி கிளம்பினால் பிள்ளை பல்லைக் கடிக்கும். எட்டாவதோடு நின்றவன் நான். ஆனால் வைத்தியப் புத்தகங்களை யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்தவன். பட்டம் வாங்கிய உனக்கு இது தெரியாது.

மூக்கு வைத்த பித்தளைப் பாலாடையை அலமாரியிலேயே விட்டுப் போயிருக்கிறாய். மறந்தாயா, மறந்த மாதிரி விட்டாயா? வேப்பங்கொழுந்தை அரைத்து, உப்பு போடாமல் வடிகட்டி, அதில்தான் ஊற்ற வேண்டும். ஸ்பூனில் கொடுத்தால் பாதி துப்பிவிடுவாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வந்து சேரவும்.

இப்படிக்கு,
பரசுராமன்


ஓசூர்
1.6.2025

மாமா அவர்களுக்கு, கவிநிலாவின் வணக்கம்.

இங்கே மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ரூம்களைப் பெருக்கும் வேலையை ராணியம்மாளிடமே விட்டுவிடுங்கள். சம்பளத்துக்கு வருகிறவர் செய்யட்டும், நீங்கள் படி ஏற வேண்டாம்.

போன பௌர்ணமியன்று தென்றல் பல் கடித்தாள். அதற்கு முன்பும் சில நாள் கடித்தாள். இங்கே ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். மேல் முன்பற்களின் முனை தேய்ந்து ஒரே மட்டமாக இருக்கிறது, கோரைப்பல்லில் கூரே இல்லை, கடைவாய்ப் பற்களில் மேடும் பள்ளமும் அழிந்து வழவழப்பாகிவிட்டது என்று கண்ணாடி வைத்து எனக்கும் காட்டினார். ஐந்து வயதுப் பிள்ளையின் வாய்க்குள் வயதானவர்களின் பல்லைப் பார்த்த மாதிரி இருந்தது மாமா.

காலையில் எழுந்ததும் "காது வலிக்குதும்மா" என்று அழுவாளே, நீங்கள்கூடப் பூண்டு எண்ணெய் காய்ச்சி விட்டீர்களே, அது காதே இல்லையாம். காதுக்கு முன்னால் தாடை சேரும் இடமாம். தூக்கத்தில் அழுத்திக் கடிப்பதால் அங்கே சதை இறுகி, விடிந்ததும் வலிக்கிறதாம். முறுக்கு வேண்டாம் என்று அவள் தட்டைத் தள்ளியதும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளியதும் பல் தேய்ந்ததால்தானாம்.

பயப்பட வேண்டாம் என்றார். நிறையக் குழந்தைகள் செய்வதுதான், பால் பல் விழுந்து புதுப்பல் வரும் வயதில் பெரும்பாலும் தானாக நின்றுவிடும் என்றார். மூக்கடைப்பு இருக்கலாம், தூக்கம் கெடுவது காரணமாக இருக்கலாம், மனதில் ஏதாவது பயம் இருக்கலாம், கவனித்துப் பாருங்கள் என்றார்.

ஊருக்கு வருவது பற்றி உங்கள் மகன் உங்களிடம் பேசுவார். இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட்.

பணிவுடன்,
கவிநிலா


திருவண்ணாமலை
6.6.2025

கவிநிலாவுக்கு மாமா எழுதுவது.

என் முழங்கால் என் கவலை. குழந்தை நலமா?

உன் டாக்டரின் வைத்தியத்தைப் படித்தேன். இருக்கலாம், இருக்கலாம், இருக்கலாம். இதைச் சொல்வதற்கா ஐந்து வருஷம் காலேஜில் உட்கார்ந்தார்? மாட்டு வைத்தியன்கூட மாட்டைத் தொட்டுப் பார்த்து "இதுதான்" என்பான். தானாக நின்றுவிடுமாம். தானாக நிற்பதற்கு டாக்டர் எதற்கு? அதுவரை பல் என்ன அரிசி மூட்டையா, தேயத் தேய வாங்கி வைக்க?

பயமாம். இந்த வீட்டில் அவளுக்கு என்ன பயம்? புலியா கட்டி வைத்திருக்கிறேன்?

உன் புருஷனைக் கேள். மாறனுக்கு அதே வயதில் இதைவிட மோசம். தெருவே எழுந்துகொள்ளும். அவனுக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கொழுந்துச் சாறு ஊற்றியவன் நான்தான். மடியில் கிடத்தி, காலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நெருக்கி, மூக்கைப் பிடித்தால் வாய் தானே திறக்கும். ஒரே வருஷம். சத்தம் அடியோடு நின்றது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவன் பல் சத்தத்தை யாராவது கேட்டிருந்தால் வரச் சொல். எந்த டாக்டருக்கும் தட்சணை வைக்கவில்லை.

இந்தப் பௌர்ணமிக்கும் சென்னை ராமகிருஷ்ணன் பார்ட்டி கீழ் ரூமைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். குழந்தை அங்கே இருப்பதால், தூங்குகிறவளைத் தூக்கிச் சமையல்கட்டில் போடும் வேலை எனக்கு மிச்சம். அந்த வகையில் உனக்கு நன்றி.

ஓசூரிலும் வேப்பமரம் இருக்கும். இல்லையென்றால் அது என்ன ஊர்?

பரசுராமன்


ஓசூர்
24.6.2025

மாமா அவர்களுக்கு வணக்கம்.

இங்கே நலம். அங்கே வெயில் தணிந்ததா? மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறீர்களா?

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தென்றலை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். அவர் உங்களிடம் போனில் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் சொன்னதால் பூச்சி இருக்கிறதா என்று மலம் பரிசோதித்தோம். இல்லை என்று வந்தது.

சாயங்காலம் ஆனால் ஜன்னலுக்கு ஓடுகிறாள். "அம்மா, இன்னிக்கு நிலா முழுசா ஆயிடுச்சா?" என்று கேட்கிறாள். பிறை என்று சொன்னால் விளையாடப் போகிறாள். பௌர்ணமியன்று திரையை அவளே இழுத்து மூடிவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருமா வரப் போறாங்க?"

"யாரும் வர்ல கண்ணு. இது உன் கட்டில்."

"அப்ப நான் எங்க படுக்கணும்?"

"இங்கதான்."

"பொழுது விடியற வரைக்குமா?"

இப்படியே கேட்டுக்கொண்டிருந்து தூங்கினாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அன்று அவள் பல் கடிக்கவில்லை.

பணிவுடன்,
கவிநிலா


திருவண்ணாமலை
3.7.2025

கவிநிலாவுக்கு.

நலம். நலம் விசாரித்ததற்கு நன்றி. மாத்திரை போடுகிறேன்.

என்னைக் கேட்காமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. தகப்பனிடம் சொல்ல மாறனுக்கு வாய் வரவில்லை. அவன் வாய் எப்போதுமே அப்படித்தான். சின்ன வயதில் மூக்கைப் பிடித்தால்தான் திறக்கும்.

ஒரு பௌர்ணமிக்குப் பல் கடிக்கவில்லை என்றதும் வெற்றிக்கொடி நாட்டிவிட்டாய். ஓசூர் குளிர்ந்த ஊர். குளிரில் பூச்சி சுருண்டு கிடக்கும். இறங்கி வந்தால் மறுபடி கிளம்பும். இந்தச் சின்ன விஷயம் புரியாதவர்கள்தான் டப்பாவில் மலத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்வார்கள். பூச்சி என்ன உன் டப்பாவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு "உள்ளேன் ஐயா" என்று சொல்லுமா?

கட்டில் கதையையும் படித்தேன். இந்த ஊரில் செங்கம் ரோடு பக்கம் வீடு வைத்திருக்கிறவன் எவன் பௌர்ணமியன்று தன் கட்டிலில் தூங்குகிறான்? அன்று வீடு சாமி கும்பிட வந்தவர்களுக்கு. மாறன் வளர்ந்ததும் சமையல்கட்டில்தான். உன் கல்யாணத்துக்குச் சோறு போட்டதும் அந்த ரூம் வாடகைதான். அது கசந்தால், ஓசூரில் சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு நிலாவுக்குத் திரை போட்டு வாழுங்கள்.

குழந்தையைப் பயந்தாங்கொள்ளியாக வளர்க்கிறாய். அது உன் வம்சத்துக் குணம்.

பரசுராமன்


ஓசூர்
9.9.2025

மாமா அவர்களுக்கு வணக்கம்.

எல்லாரும் நலம். உங்களுக்குக் காய்ச்சல் என்று ராணியம்மாள் போனில் சொன்னார். இப்போது எப்படி இருக்கிறது? சுடுதண்ணீர் குடியுங்கள்.

உங்கள் ஜூலைக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் மரியாதை கெட்டிருக்கும். அதனால் எழுதவில்லை.

தீபத்துக்குக் குழந்தையை அழைத்து வர எனக்கு ஆசைதான். அவளும், "தாத்தா மொட்டமாடியில இருந்து தீபம் காட்டுவாரு" என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். உங்கள் தோளில் உட்கார்ந்து பார்த்ததை அவள் மறக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயம். கீழ் ரூமை அன்றைக்கு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவள் அங்கேயே படுத்து அங்கேயே எழ வேண்டும். பாலாடை அவள் கண்ணில் படக் கூடாது. இரண்டுக்கும் நீங்கள் சரி என்று எழுதினால் வருகிறோம். எழுதாவிட்டால் இனி எந்தப் பௌர்ணமிக்கும், எந்த லீவுக்கும் அவளை அந்த வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை.

இதை எழுதும்போது அவர் என் பக்கத்தில்தான் இருக்கிறார்.

பணிவுடன்,
கவிநிலா


திருவண்ணாமலை
17.9.2025

கவிநிலாவுக்கு.

காய்ச்சல் வந்தது, போய்விட்டது. என்னைப் பார்த்து அதுவே பயந்துவிட்டது.

நிபந்தனை. என் வீட்டுக்குள் என் பேத்தி வருவதற்கு, என் மருமகள் எனக்கு நிபந்தனை போடுகிறாள். கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள் போல.

தீபத்தன்று ரூமைச் சும்மா பூட்டி வைத்த வீடு ஒன்று இந்தச் சாலையில் உண்டா என்று காட்டு. அதைக் காட்டும் வரை சரி என்று எழுத மாட்டேன். பாலாடை என் தகப்பனார் வீட்டுப் பொருள். அது அலமாரியில்தான் இருக்கும்.

வரும் பௌர்ணமிக்கு நானே அங்கே வருகிறேன். இங்கே ரூம் சாவியை ராணியம்மாளிடம் கொடுத்துவிடுவேன். பிள்ளை பல் கடிக்கிறாளா இல்லையா என்பதை நானே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இந்த வயதிலும் என் காதுக்கு அடுத்த தெருவில் பால்காரன் சைக்கிள் ஸ்டாண்டு போடுவது கேட்கும். உன் "இருக்கலாம்" டாக்டரிடம் போய்ச் சொல்.

பரசுராமன்


திருவண்ணாமலை
9.10.2025

கவிநிலாவுக்கு.

வந்து சேர்ந்தேன். பஸ் ஊத்தங்கரையில் பஞ்சர். மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் வீட்டு உபசாரத்துக்கு நன்றி. சாம்பாரில் பருப்பைத் தேட எனக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்பட்டது. அது போகட்டும். வாசலில் என் பையைப் பார்த்ததும் குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாளே, அதை யார் சொல்லிக் கொடுத்தது? "தாத்தா வந்துட்டேன் பாரு" என்கிறேன், பொத்திய கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ரூமுக்குள் ஓடுகிறாள். தாத்தாவுக்கு இதுதான் மரியாதையா? பையில் கொழுந்தும் பாலாடையும் இருந்தது உண்மை. நான் அதை வெளியில் எடுக்கவே இல்லை. எடுக்காத பொருளுக்கு என்ன பயம்?

சாப்பிட்டுவிட்டு வெற்றிலை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ரூம் கதவைச் சாத்திவிட்டாய். நான் ஹாலில் படுத்தேன். தூங்கவில்லை. தூங்கவா வந்தேன்?

கேட்டேன். நன்றாகக் கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நறநறவென்று, விட்டு விட்டு, நம் வீட்டில் கேட்ட அதே சத்தம். செக்கு ஆடுகிற மாதிரி. ஜூன் கடிதத்தில் பெரிதாக எழுதினாயே, "கடிக்கவில்லை" என்று? ஒன்று நீ பொய் சொன்னாய். இல்லை, உனக்குக் காது இல்லை. கட்டிலும் சொந்தம், திரையும் மூடியாயிற்று, யாரும் வந்து தூக்கவில்லை. பிறகு ஏன் கடித்தாள்? பூச்சி. பௌர்ணமி. நான் சொன்னது.

இதற்கு மேல் உன்னிடம் பேச எனக்கு என்ன இருக்கிறது? அதனால்தான் விடிகிற பஸ்ஸுக்கு யாரையும் எழுப்பாமல் கிளம்பிவிட்டேன். உன் காப்பிக்கும் காத்திருக்கவில்லை. அது ஒரு நஷ்டமும் இல்லை.

தோற்றவர்கள் தீபத்துக்குக் குழந்தையை அழைத்து வந்தால் போதும். நிபந்தனை வேண்டாம்.

பரசுராமன்


ஓசூர்
27.10.2025

மாமா அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு நாங்கள் வரவில்லை என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். பஸ் பார்சலில் அனுப்பிய பலகாரத்தை ராணியம்மாள் கொண்டுவந்து கொடுத்தாரா? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதக் கூடாது என்று அவர் சொன்னார். "வேணாம் கவி. அப்பாக்குத் தெரிய வேணாம். அவரு நல்லதுன்னுதான் செஞ்சாரு" என்றார். நான் எழுதுகிறேன்.

அன்று நீங்கள் கேட்டது தென்றல் இல்லை. நீங்கள் வெற்றிலைக்குப் போன நேரத்தில், "தாத்தா தூங்கினப்புறம் ஊத்துவாரா?" என்று அவள் அழுததால், மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அந்த அக்கா குழந்தைகளோடுதான் அவள் தூங்கினாள். காலையில் நீங்கள் கதவைத் திறந்து ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உள்ளே இருந்தது நானும் உங்கள் மகனும்தான்.

பல்லைக் கடித்தது உங்கள் மகன்.

கல்யாணமான நாள் முதல் அந்தச் சத்தத்தை நான் கேட்கிறேன். அவருக்கு அந்தச் சத்தம் நிற்கவே இல்லை மாமா. நீங்கள் சாறு ஊற்றிய காலத்தில், தூங்குவதற்கு முன் துண்டின் முனையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறார். சத்தம் கேட்டால்தானே ஊற்றுவீர்கள்? துண்டைக் கடித்தால் சத்தம் வராது. சத்தம் வராததால் நீங்கள் குணமாகிவிட்டது என்று நினைத்தீர்கள். நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். இவ்வளவு வருஷமாக.

தென்றலைப் பார்த்த அதே டாக்டர்தான் அவர் வாயையும் பார்த்தார். கடைவாய்ப் பல் ஒன்று நடுவில் விரிசல் விட்டு நிற்கிறது. மற்ற பற்கள் பாதி உயரம்தான் இருக்கின்றன. கன்னத்துச் சதை கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. தலைவலி என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாரே, அதுவும் இதனால்தானாம். குழந்தைக்கு விழுகிற பல், அடுத்த பல் வரும். இவருக்கு வராது. தூங்கும்போது போட்டுக்கொள்ளப் பல்லுக்கு மேல் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்திருக்கிறார். நீங்கள் வந்த அன்று அதைப் போட அவருக்கு வெட்கம். உங்கள் கண்ணில் பட்டுவிடுமாம்.

என் பெண் துண்டு கடிக்கப் பழகும் முன்பே நான் அவளை அழைத்து வந்துவிட்டேன். மே மாதத்து ஸ்வெட்டர் அதற்குத்தான்.

தீபத்துக்கு நாங்கள் வரவில்லை.

கவிநிலா


திருவண்ணாமலை
12.12.2025

கவிநிலாவுக்கு.

நலம். அங்கும் நலமாக இருக்கட்டும்.

பதில் எழுத நேரமில்லை. தீபக் கூட்டம். மனுஷன் மேல் மனுஷன். கோயிலுக்கு வந்தவன் பாதிப் பேர் செல்போனை மலைக்குக் காட்டிவிட்டு, மலையைப் பார்க்காமலேயே போய்விட்டான்.

ராமகிருஷ்ணன் பார்ட்டி வழக்கம்போல மூட்டை முடிச்சோடு வந்து நின்றார்கள். கீழ் ரூம் இல்லை என்றேன். "இன்னா சார், வருஷா வருஷம் தர்றீங்க, இப்ப இல்லேன்னா எங்க போறது?" என்று சத்தம். ரூமில் எலி என்றேன். "எலி இருந்தா இருந்துட்டுப் போவுது சார், நாங்க ஆறு பேரு இருக்கோம்" என்கிறார். எலி கடிக்கும், போய்யா என்று அனுப்பிவிட்டேன். சாமி கும்பிட வந்தவருக்கு அந்த வாய். மாடியில் இருந்து தீபம் பார்த்தேன். தோள் சும்மா இருந்ததால் கழுத்து வலி இல்லை.

எலி என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. மாறன் சிறுவனாக இருந்தபோது வீட்டில் துண்டெல்லாம் முனையில் குதறிக் கிடக்கும். எலி என்று நினைத்தேன். பொறி வாங்கி வைத்தேன். மசால்வடை வைத்தேன். ஒரு எலியும் விழவில்லை. பொறி சரியில்லை என்று கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டு வேறு பொறி வாங்கி வந்தேன். அதிலும் விழவில்லை. பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று இன்னும் பெட்டியில் கிடக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

பாலாடையைப் பழைய பித்தளைக்குப் போட அன்வர் பாஷா கடைக்குக் கொண்டுபோனேன். "இதப் போயி உருக்கப் போடறீங்களே அண்ணே, பேத்திக்கு ஆவும், வச்சுக்கோங்க" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வியாபாரம் தெரியாத மனுஷன். எனக்கு அலமாரியில் இடம் இல்லை. பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குழந்தை கையில் கொடு. தூக்கி எறிவதோ, சாக்கடையில் போடுவதோ, அவள் இஷ்டம்.

பூச்சி இல்லை என்று நான் எங்கும் எழுதவில்லை. அதை நன்றாகப் படித்துக்கொள்.

பரசுராமன்


ஓசூர்
23.12.2025

மாமா அவர்களுக்கு வணக்கம்.

நலம். குளிர் இங்கே ஜாஸ்தி. நீங்கள் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வெளியில் போங்கள்.

பார்சல் வந்தது. பிரித்ததும் தென்றல் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். தாத்தா இதை உனக்கே கொடுத்துவிட்டார், இனி அவரிடம் கிடையாது என்று சொன்னேன். "நெஜமாவா? வேற வாங்கிக்க மாட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியில் வந்தாள்.

எறியவில்லை. ஒரு வாரம் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். நேற்று அதில் தண்ணீர் மொண்டு பொம்மைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "தொற, வெறும் தண்ணிதான். வேணாம்னா வேணாம்னு சொல்லு, நான் ஊத்த மாட்டேன்" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று கேட்டார். உங்கள் கடிதத்தில் எலிப்பொறி வரும் இடத்தையும் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அரையாண்டு லீவு விட்டாயிற்று. ஜனவரி மூன்றாம் தேதி சனிக்கிழமை அவருக்கும் லீவு. அன்று பௌர்ணமி. தெரிந்துதான் அந்த நாளைச் சொல்கிறேன். மூவரும் வரலாமா?

பணிவுடன்,
கவிநிலா


திருவண்ணாமலை
28.12.2025

கவிநிலாவுக்கு மாமா எழுதுவது.

இங்கே குளிர் கம்மிதான். தலைக்குத் துணி கட்ட நான் என்ன கிழவனா?

சொந்த வீட்டுக்கு வரலாமா என்று அனுமதி கேட்டு எழுதுகிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். வாருங்கள். பகல் பஸ்ஸில் கிளம்புங்கள், சாயங்காலம் ஆனால் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது. கீழ் ரூம் பூட்டியிருக்கும். சாவியை மீட்டர் பெட்டி மேல் வைக்கிறேன். திறந்துகொள்ளுங்கள். இனி அது குழந்தையிடமே இருக்கட்டும், எனக்குச் சாவி தேடி அலையும் வயது போய்விட்டது. சாம்பார் நீ வைக்க வேண்டாம், ராணியம்மாள் வைப்பார்.

குழந்தைக்கு முன்பல் ஆடுகிறதா என்று நீ எழுதவே இல்லை. முக்கியமானதை எழுத மாட்டாய்.

மாறனிடம் சொல். அந்தப் பிளாஸ்டிக்கை மறக்காமல் எடுத்து வரட்டும். மறந்தாலும் பரவாயில்லை, துண்டு எதுவும் வேண்டாம். சத்தம் போட்டே கடிக்கட்டும். யாரும் எழுந்து வர மாட்டார்கள். எனக்கு இப்போதெல்லாம் காது கேட்பதில்லை.

பரசுராமன்